ஒரிஜினல்னா கத்தும்

கார் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவள் நான். பிரேக் பேட் வாங்க வருகிறவர்கள் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பார்கள். "அக்கா, கம்பெனி ஒரிஜினலே போட்டுடலாமா, வெளிக் கம்பெனி போதுமா?" முன்பெல்லாம் இதற்கு என்னிடம் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. இப்போது இரண்டு பெட்டிகளையும் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்கு வாய் நீளம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த முதலாளியும் இப்போது கண்டுகொள்வதில்லை. அவருக்குக் காரணம் தெரியும். அத்தான் பேடைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அவரும் கடையில்தான் இருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு கம்பெனியின் பெரிய அதிகாரிக்குக் கார் ஓட்டி முக்கால்வாசி ஆயுளைக் கழித்தவர். அந்த வேலை முடிந்ததும் ஒரு பழைய காரை வாங்கி, தெருவில் உள்ள ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவரத் தொடங்கினார். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அக்கா வீட்டிலேயே துணி தைப்பாள். காலையில் அந்த ஐந்து பேர் காரில் ஏறிச் சண்டை போடுவதும் சாயங்காலம் இறங்கிச் சண்டை போடுவதும்தான் அந்த வீட்டின் கலகலப்பு. லீவு நாட்களில் மனுஷன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். "உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்று அக்கா திட்டுவாள்.

தெருவில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொள்வார். தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைக் கேட்டே, "தம்பி, செயின் தொங்குது, இறுக்கிக்கோ" என்பார். பிள்ளையைக் கூப்பிட ஒரு வீட்டு வாசலில் நின்றபோது உள்ளே ஓடிய ஃப்ரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா, அது ரொம்ப நாள் தாங்காது" என்றார். அந்த அம்மா சிரித்தாள். மாதக் கடைசியில் ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. அதற்கப்புறம் மிக்ஸி, மோட்டார், மின்விசிறி எது முனகினாலும் "அண்ணே, கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்க" என்று தெருவே அவரைக் கூப்பிட்டது. இதெல்லாம் சில வருஷத்துக்கு முந்தின கதை. பட்டம் அப்படியே இருந்தது, காது அப்படியே இருந்ததா என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஃப்ரிட்ஜ் வீட்டுப் பெண்தான் காரில் முன்சீட்டுக்காரி. இரண்டாம் வகுப்பு. ஏறியதிலிருந்து இறங்குகிறவரை கீச்சுக்குரலில் பேசிக்கொண்டே வருவாள். அத்தான் ரோட்டைப் பார்த்தபடி "ஆமா கண்ணு", "ஆமா கண்ணு" என்று தலையாட்டுவார். "எங்க வீட்ல எல்லாரும் எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்றாங்க. கார்த் தாத்தா மட்டும்தான் ஆமான்னு சொல்றாரு" என்று என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கேட்டு நான் சிரித்தேன். அக்காவைப் பற்றி மட்டும் அத்தானுக்கு ஒரு குறை உண்டு. "உங்க அக்கா இப்பல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாம்மா. நீ பேசுறதுதான் பேச்சு" என்பார். என்னுடையது கட்டைக்குரல். எட்டாவது வீட்டுக்குக் கேட்கும்.

பேட் மாற்றும் காலம் வந்தபோது அவர் கடைக்கு வந்தார். அதுவரை அவர் போட்டதெல்லாம் நான் எடுத்துக் கொடுத்த வெளிக் கம்பெனி பேட்தான். காரைச் செய்த கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவது ஒரிஜினல். அதே காருக்குப் பொருந்தும்படி மற்றவர்கள் செய்து விற்பது வெளிக் கம்பெனி. அதில் குப்பையும் உண்டு, நல்லதும் உண்டு. நான் கொடுத்தது நல்லது. நன்றாகப் பிடிக்கும், விலையும் பாதிதான். ஒரே ஒரு வித்தியாசம். ஒரிஜினல் பேடின் ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்த நாக்கு, சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்கில் உரசி, காதைக் கிழிக்கிற மாதிரி கத்தும். மாற்று என்று அர்த்தம். நான் கொடுத்த வெளிக் கம்பெனி பேடில் அந்த நாக்கு கிடையாது. சக்கரத்தைக் கழற்றிக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அத்தான் மாதம் தவறாமல் ஒரு லீவு நாளில் ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையெல்லாம் கறுப்பாக வீட்டுக்குள் வந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"இந்தத் தடவை ஒரிஜினல் கொடும்மா" என்றார்.

"எதுக்கு அத்தான்? இது நல்லாத்தானே ஓடுச்சு? காசு கொட்டிக் கிடக்கா?"

"முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. குனிஞ்சு உக்காந்தா எந்திரிக்க முடியல. போன மாசம் உங்க அக்கா வந்து தூக்கிவிட்டா. தெருவே வேடிக்கை பாத்துச்சு."

"மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லுங்க. அவர் என்ன வேண்டாம்னா சொல்லப்போறாரு?"

"அவன் கண்ணை நம்புறதுக்கு என் காதை நம்பிட்டுப் போறேன். ஒரிஜினல்னா கத்தும். தேஞ்ச அன்னிக்கே எனக்குக் கேட்டுடும். பிள்ளைங்க ஏறுற வண்டிம்மா. இதுல போய் என்னைக் கஞ்சத்தனம் பண்ணச் சொல்றியே."

ஒற்றைக் காலில் நின்றார். கொடுத்தேன். பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். "டூப்ளிகேட் இல்லையே?" என்றார்.

"என் மூஞ்சியைப் பாத்தா டூப்ளிகேட் விக்கிறவ மாதிரியா இருக்கு?"

"உன் மூஞ்சியைப் பாத்தா பேசவே பயமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அதுதான். அதற்குப் பிறகு ஜாக்கி கட்டிலுக்கு அடியில் போனது. அவருக்கு இனிமேல் அது தேவையில்லை. பேட் தேய்ந்தால் பேடே சொல்லிவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓர் இறக்கம் உண்டு. வருஷம் திரும்புவதற்குள் ஒரு நாள் காலையில் அந்த இறக்கத்தில் அவர் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. வேகம் குறைந்ததே தவிர, இழுத்துக்கொண்டே போய்ப் பள்ளிக்கூட வாசல் தூணில் இடித்தது. காவலாளி துள்ளி விலகியதால் பிழைத்தார். பின்சீட்டில் நாலு பேருக்கும் உதட்டில் அடி, நெற்றியில் வீக்கம். முன்சீட்டுக்காரி பெல்ட் போட்டிருந்தாள், அதனால் உயிர் பிழைத்தாள். அந்தப் பெல்ட் இறுக்கியதில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் அழுதார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பேடில் உரசும் பாகம் துளிகூட இல்லை, பின்னால் இருக்கும் இரும்புத் தகடுதான் மிச்சம். டிஸ்கில் வரப்பு வரப்பாகப் பள்ளம்.

"அண்ணே, இது ரொம்ப நாளாக் கத்தியிருக்கணுமே" என்றார் மெக்கானிக்.

"கத்தலை. சத்தியமாச் சொல்றேன், ஒரு நாள்கூடக் கத்தலை. ரெண்டு நாளாக் கால்ல ஒரு நறநறப்பு தெரிஞ்சுது. பேட்னா கத்தியிருக்குமே, ஏதோ கல்லு மாட்டியிருக்குன்னு நெனச்சேன்."

மெக்கானிக் பேடைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தானே முடித்தார். "கத்தலைன்னா இது ஒரிஜினல் இல்லை. என்னை ஏமாத்திட்டாங்க."

பெற்றவர்கள் அன்று சாயங்காலமே கூடிப் பேசினார்கள். நல்லவர்கள்தான், யாரும் கையை ஓங்கவில்லை. எப்படி நடந்தது என்று தெரிகிறவரை பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள். அத்தானுக்கு அது போதும். பேட் போலி என்றால் தப்பு கடையுடையது. அவர் மறுபடியும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகலாம். பேட் அசல் என்றால் அவர் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இரவெல்லாம் இதையே அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். ஒரு சாக்குப் பையோடு அத்தான் உள்ளே வந்தார். டிஸ்கைத் தூக்கிக் கண்ணாடி மேல் வைத்தார், அதன் மேல் பேடைப் போட்டார். கண்ணாடி உடைந்துவிடுமோ என்று முதலாளி எழுந்தேவிட்டார்.

"நீயுமாம்மா?" என்றார் என்னைப் பார்த்து. "உன்கிட்டக் கேட்டுத்தானே வாங்கினேன்? டூப்ளிகேட் இல்லையேன்னு வாய்விட்டுக் கேட்டேனே. அந்தப் பிள்ளைக்கு எலும்பு போச்சு. நீ டூப்ளிகேட்டை வித்துப் போட்டு இங்க ஃபேன் காத்துல நிக்கிறே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேறு யாராவது சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கி மூஞ்சியில் எறிந்திருப்பேன். முதலாளி வேறு என்னையே பார்த்தார். போலி விற்றவள் என்று பெயர் வந்தால் அந்தக் கடையில் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் எனக்கு இடமில்லை. "அத்தான், வாயை அளந்து பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே பேடைக் கையில் எடுத்தேன். அசல்தான். தகட்டில் அச்சடித்த எண் தெளிவாக இருந்தது. ஓரத்தில் அந்த நாக்கு. அதன் நுனி பாதி தேய்ந்து, வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. இரும்பு சும்மா மின்னாது. வாரக்கணக்கில் டிஸ்கில் உரசி, வாரக்கணக்கில் கத்தியிருந்தால்தான் அப்படி மின்னும்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அக்காவின் முணுமுணுப்பு, ஆமா கண்ணு, எல்லாம். என் பெயர் போனால் போகட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். "அத்தான், உள்ள வாங்க. தனியாப் பேசுவோம்" என்றேன்.

"எதுக்கு உள்ள? இங்கேயே பேசு. எல்லாரும் கேக்கட்டும்!" பேடை என் கையிலிருந்து பிடுங்கினார். "ஒரிஜினல்னா கத்தும்னு நீதானே படிச்சுப் படிச்சுச் சொல்வே? இந்தா, நான் காட்டுறேன்."

இடது கையால் டிஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வலது கையில் பேடைப் பிடித்து, அந்த நாக்கு படும்படி பலத்தையெல்லாம் சேர்த்து அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார்.

கடையே அலறியது. பல்லெல்லாம் கூசியது. வாசலில் நின்ற ஒருவர் "ஐயோ" என்று குனிந்தார். முதலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஓர் அம்மாவின் இடுப்பிலிருந்த குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது.

அத்தான் இன்னொரு தடவை இழுத்தார். இன்னொரு தடவை. வேர்த்து வழிந்த முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? இம்புட்டு அழுத்தித் தேய்க்கிறேன், மூச்சு வருதா? துளி சத்தம் வருதா? இதுவா ஒரிஜினல்? நீங்களே சொல்லுங்க!"

அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காதைப் பொத்தியிருந்த கைகளைப் பார்த்தார். முதலாளியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின. குழந்தையின் வாய் திறந்திருப்பதை அத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேடைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். எனக்குத் தலையைக் குனிந்துகொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"கத்துச்சா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"கத்துச்சு அத்தான்."

டிஸ்கைப் பையில் போட்டார். பேடைக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டார். "உன்னைத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் கத்திவிட்டுப் போயிருந்தால் தாங்கியிருப்பேன்.

காது டாக்டர் சொன்னது ஒன்றும் புதிதல்ல. வயதாலும் வருஷக்கணக்காக இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்ததாலும் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் முதலில் போய்விடும். கட்டையான சத்தம் கேட்கும், இன்ஜின் கேட்கும், என்னைப் போன்ற கட்டைக்குரல் கேட்கும். அதனால் போனதே தெரியாது. மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், போனது போனதுதான். அத்தான் மெஷினை வாங்கினார். பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.

எனக்குத்தான் ஆறவில்லை. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். கேட்டீங்களா? கேட்டோம். எத்தனை நாளா? அது ஆச்சு, ரெண்டு மாசம் இருக்கும். ஏன் சொல்லலை? இதற்கு எல்லோரும், மனப்பாடம் பண்ணிய மாதிரி, ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அவருக்குத் தெரியாதா?" பாம்புக்காதுக்கே போய்ச் சத்தத்தைப் பற்றி நாங்கள் சொல்வதா? ஏதோ காரணமாகத்தான் விட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தோம். மளிகைக்கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "புது மாதிரி ஹாரன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். அவரை அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட்டு வந்தேன். பாவிகளா, ஒரு மனுஷனைப் பெரிய ஆள் என்று தூக்கி வைத்தால் அவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

அக்காவைக் கேட்டிருக்கவே கூடாது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டதும்தான் நான் டீக்குத் தண்ணி வைப்பேன். வந்துட்டாருன்னு தெரிஞ்சுக்க நல்லா வசதியா இருந்துச்சுடி." நூல் கோக்கவே இல்லை.

என் மனதை அறுப்பது இன்னொன்று. அவர் அந்தப் பாதி விலை, ஊமைப் பேடையே வாங்கியிருந்தால் மாதாமாதம் சக்கரத்தைக் கழற்றியிருப்பார். முட்டி வலித்தாலும் கழற்றியிருப்பார். கண் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்காக நல்லதை வாங்கினார், அதனால்தான் கெட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்த லட்சணத்தில் கவுண்டரில் நின்று எவனுக்கு நான் என்ன யோசனை சொல்வது?

காரை விற்றாயிற்று. விற்ற பிறகு, முன்சீட்டுக்காரியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அத்தான் கேட்டார். அவள் அம்மாவுக்குப் பெரிய மனசு, வரச் சொன்னாள். அக்காவால் முடியாது என்பதால் நான் கூடப் போனேன். மாடி வீடு. பிள்ளை கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அத்தானைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. அத்தான் பிஸ்கட் பாக்கெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, கட்டில் காலருகே நின்றுகொண்டார். காது மெஷின் அவர் சட்டைப் பையில், பெட்டிக்குள்தான் இருந்தது. "போட்டுக்கோங்களேன்" என்று வாசலிலேயே சொன்னேன். "பிள்ளை பயந்துக்கும்" என்றார்.

அந்தப் பிள்ளை அந்தக் கீச்சுக்குரலில், கோபமே இல்லாமல், மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள்:

"நான் தினமும் சொன்னேனே தாத்தா, கார் கத்துது கார் கத்துதுன்னு. நீங்கதான் ஆமா கண்ணு, ஆமா கண்ணுன்னு சொன்னீங்க."

அவளுடைய அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தான் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசி முடித்ததும் குனிந்து தலையைத் தடவினார். "ஆமா கண்ணு" என்றார்.

படியில் இறங்கும்போது, "என்னம்மா சொல்லுச்சு பிள்ளை? எனக்குச் சரியாப் புரியல" என்று கேட்டார்.

என் வாய் நீளம் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. "வலி கொறைஞ்சிடுச்சாம் அத்தான்" என்று உரக்கச் சொன்னேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவு நடந்திருக்கு. என்னைப் பாத்து ஒரு குத்தம் சொல்லலை, பாத்தியா?" என்றார்.